அடையாள அட்டைக்கு ஐம்பது டொலர்

கொழும்பில் ஒரு கசினோ வாசலில் நாங்கள் நாலு பேர் நின்றோம். எல்லோரும் திகனக்காரர். கூடவே ஒரு மச்சான். எங்களில் ஒருவனுடைய அத்தை மகன், நீலகிரி கூடலூரிலிருந்து சொந்தக்காரர்களைப் பார்க்க வந்திருந்தான். வாசலில் இருந்த பெண் ஆவணம் கேட்டார். மச்சான் இந்தியக் கடவுச்சீட்டை நீட்டினான். சிரித்த முகத்தோடு உள்ளே விட்டார்கள். நாங்கள் அடையாள அட்டையை நீட்டினோம். இலங்கைப் பிரஜை என்றால் ஆளுக்கு 50 டொலர் நுழைவு வரி கட்ட வேண்டுமாம். ஒரு டொலர் ஏறக்குறைய 300 ரூபா என்று வைத்தாலும் ஆளுக்கு 15,000 ரூபா. நாலு பேருக்கும் கட்டினால் திரும்பி வர பஸ் காசுகூட மிஞ்சாது.

கடைசியில் காசைச் சேர்த்து ஒருவனை மட்டும் மச்சானோடு உள்ளே அனுப்பினோம். மற்ற மூன்று பேரும் காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடை சாப்பிட்டுக்கொண்டு காத்திருந்தோம். ஆகவே எங்கள் 'முதல் கசினோ போக்கர் அனுபவம்' என்பது ஒருத்தன் ஆடியதும் மூன்று பேர் கேட்டதும்தான். ஆனால் வாசலில் நடந்த விஷயம் நாலு பேருக்கும் பொது. ஒரே அப்பாயியின் பேரன்கள் இரண்டு பேரில் ஒருத்தனுக்கு ஏன் கதவு சும்மா திறந்தது, இன்னொருத்தனுக்கு ஏன் 50 டொலர்? இதைத் தேடிப் போனபோது சூதாட்டத்தின் வரலாறும் எங்கள் பள்ளத்தாக்கின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் கண்டோம். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

சீட்டு எங்களுக்குப் புதுசு இல்லை. லயத்து வாசலில், கடைத் திண்ணையில், விக்டோரியா நீர்த்தேக்கம் பார்க்கிற மேட்டில் என்று எல்லா இடத்திலும் ஆடி வளர்ந்தவர்கள்தான். சிங்களக் கூட்டாளிகள் சேர்ந்தால் ஓமி. பெரியவங்க உட்கார்ந்தால் முந்நூற்றி நாலு. தமிழ், சிங்களம், முஸ்லிம் எல்லாப் பொடியன்களும் ஒரே பாயில் இருப்பாங்க. 2018 மார்ச்சில் திகனயில் கடைகளும் வீடுகளும் எரிந்த பிறகு அந்தப் பாய் கொஞ்ச காலம் விரிபடவே இல்லை. திரும்ப விரித்த நாளில் யாரும் பெரிசாக ஒன்றும் பேசவில்லை. ஒருத்தன் சீட்டைக் கலைத்தான், அவ்வளவுதான்.

ஓமி ஆடுறவங்க சீட்டின் நாலு இனத்தையும் சிங்களத்தில் எப்படிச் சொல்றாங்க என்று கவனித்திருக்கிறீர்களா? ஹாரத, ருவித, கலாபர, இஸ்கோப்ப. டச்சு மொழியில் இதே நாலும் ஹார்ட்டன், ரௌட்டன், கிளாஃபர், ஸ்கோப்பன். எல்லாத் தடவையும் ஒரே பக்கம் வென்றால் 'கப்போத்தி' என்று கத்துவோமே, அதுவும் டச்சுக்காரரின் 'கப்போட்' தான். டச்சுக்காரர் 1796 வரை கரையோரத்தை ஆண்டார்கள். கண்டி இராச்சியத்தை அவர்களால் நிலையாகப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. ஆனாலும் அவர்களுடைய சீட்டுக்கட்டு மலையேறி வந்து எங்கள் பாயில் உட்கார்ந்துவிட்டது. படை நிலைக்க முடியாத மலையில் விளையாட்டு நிலைத்துவிட்டது.

அப்படியென்றால் சீட்டு எப்போது குற்றமானது? 1889-ல் பிரித்தானியர் ஒரு சூதாட்டக் கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த வருடத்தின் 17ஆம் இலக்கச் சட்டம். பொதுமக்கள் போய்வரக்கூடிய பாதையிலோ தெருவிலோ இடத்திலோ பணயம் வைத்து ஆடுவது, சூதாட்ட வீடு நடத்துவது, சேவல் சண்டை இதெல்லாம் அதில் குற்றம். கொஞ்சம் நின்று யோசித்தால் ஒன்று புரியும். அந்தச் சட்டம் பெரும்பாலும் கேட்கிற கேள்வி 'என்ன ஆடினாய்' என்பதில்லை, 'எங்கே ஆடினாய்' என்பதுதான். சொந்தமாக வரவேற்பறை இருக்கிறவன் கதவைச் சாத்திக்கொண்டு ஆடலாம். பத்துக்குப் பத்து லயக் காம்பராவில் ஆறேழு பேர் படுக்கிற குடும்பத்துக்கு ஏது வரவேற்பறை? அவங்க வெளியேதான் உட்காரணும். வெளியே உட்கார்ந்தால் சட்டம் வரும். ஆற்றங்கரையில் 'பூரு' ஆடினவர்களைப் பொலிஸ் பிடித்த கதை எங்கள் ஊரில் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்று இருக்கும்.

அதே காலத்தில் துரைமார் என்ன செய்தார்கள்? நுவரெலியாவில் 1875-லேயே குதிரைப் பந்தயம் தொடங்கிவிட்டது. அடுத்த வருடம் அங்கேயே ஹில் கிளப் எழுந்தது. கொழும்பு கறுவாத்தோட்டத்தில் 1893-ல் பெரிய பந்தயத் திடல் வந்தது. இரண்டாம் உலகப் போரில் அது விமான ஓடுதளமானது, 1950களின் நடுவில் அங்கே பந்தயம் நின்றது. குதிரை நின்றாலும் பந்தயம் நிற்கவில்லை. மலையக நகரங்களில் 'ரேஸ் புக்கி' கடைகள் இருந்தன, இன்னும் இருக்கின்றன. இங்கிலாந்தில் எங்கேயோ ஓடுகிற குதிரைக்கு, அந்த ஊரைக் கனவில்கூடப் பார்க்காத மனுசன் சம்பள நாளில் காசு கட்டுவான். குதிரையையும் பார்க்க முடியாது, திடலையும் பார்க்க முடியாது. கரும்பலகையில் எழுதுகிற பேர் மட்டும்தான். 1963-ல் அரசாங்கமே தேசிய லொத்தர் சபையை அமைத்தது. ஆக, சூது கூடாது என்று இந்த நாடு ஒருநாளும் முழுசாகச் சொன்னதில்லை. எந்தக் கதவால் யார் வரலாம் என்பதைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லி வந்திருக்கிறது.

சரி, உள்ளே போனவனிடம் வருவோம்.

அங்கே ஆடியது டெக்சஸ் ஹோல்டெம். ஆளுக்கு இரண்டு சீட்டு மூடி வரும். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. இருக்கிற ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்க்கணும். ஒவ்வொரு திறப்புக்கும் நடுவில் பணயம் ஏறும். வேண்டாம் என்றால் சீட்டைக் கவிழ்த்து ஒதுங்கலாம். விதி இவ்வளவுதான், அரை மணியில் படிக்கலாம். இரண்டு ஏஸ் கையில் வருவதற்கு 221-ல் ஒரு வாய்ப்பு. எனவே பெரும்பாலான நேரம் வேலை என்னவென்றால் கவிழ்த்துவிட்டுச் சும்மா இருப்பது. சினிமாவில் இதைக் காட்ட மாட்டாங்க.

நம்ம ஆள் முதல் பத்து நிமிடத்திலேயே இரண்டு தடவை திருத்தப்பட்டான். முதலாவது, சிப்ஸை இரண்டு தவணையாகத் தள்ளினான். அப்படிச் செய்யக்கூடாதாம். முதலில் கொஞ்சம் வைத்து, எதிராளியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூட்டி வைக்கிற தந்திரம் அது. எவ்வளவு என்று வாயால் சொல்லணும், இல்லாவிட்டால் ஒரே தடவையில் வைக்கணும். இரண்டாவது, மச்சானிடம் தமிழில் "இத வச்சுக்கவா?" என்று கேட்டுவிட்டான். சீட்டுப் போடுகிற பெண் கை உயர்த்தினார். ஆட்டம் நடக்கும்போது மேசையில் எல்லோருக்கும் புரிகிற மொழியில்தான் பேசலாம், ஒரு கைக்கு ஒரு ஆள்தான், யோசனை கேட்கக்கூடாது. இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து மூன்றாவது ஆளை ஏமாற்றாமல் இருக்க இந்த விதி. நியாயம்தான். ஆனால் எங்கள் பாயில் ஒருத்தன் கையை நாலு பேர் எட்டிப் பார்த்து, "அட, அத எறியாத!" என்று கத்துவதுதான் ஆட்டமே. அங்கே அவன் முதல்தடவையாகத் தனியாக ஆடினான்.

இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்தான். கடைசியில் ராஜாவும் ராணியும் கையில் வந்தது. நடுவிலும் ஒரு ராஜா, ஒரு ராணி. இரண்டு ஜோடி! இருந்ததையெல்லாம் தள்ளினான். எதிரே இருந்தவரிடம் இரண்டு ஹாரத. நடுவில் இருந்த ஹாரத மூன்றோடு சேர்ந்து ஐந்தாகிவிட்டது. முடிஞ்சுது கதை.

அவன் வெளியே வந்து எங்களிடம் சொன்ன முதல் விஷயம் தோற்றதைப் பற்றி இல்லை. "மச்சான், ஒவ்வொரு ஆட்டத்துலயும் அந்தப் புள்ள கொஞ்சம் சிப்ஸ எடுத்து மேசையில இருக்கிற ஓட்டைக்குள்ள போடுறா. யார் வென்டாலும் போடுறா."

அதுதான் தண்டல். போக்கரில் நாம் கசினோவுக்கு எதிராக ஆடுவதில்லை, ஒருவருக்கொருவர் எதிராகத்தான் ஆடுகிறோம். கசினோ மேசையையும் சீட்டையும் தந்து ஒவ்வொரு பானையிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பத்துப் பேர் விடிய விடிய ஆடினால், பத்துப் பேரும் கொண்டுவந்த மொத்தக் காசு விடியும்போது குறைந்திருக்கும். அந்த மேசையில் தோற்கவே முடியாத ஒருத்தர் உண்டு. அவர் கையில் சீட்டே இருக்காது.

இதைக் கேட்டபோது எங்களுக்குத் தும்பறை ஞாபகம் வந்தது. திகனயும் பல்லேகலையும் இருக்கிற எங்கள் பள்ளத்தாக்குதான் தும்பறை. 1837-ல் ஜமெய்க்காவில் பயிற்சி பெற்ற ஆர். பி. டைட்லர் என்ற தோட்டக்காரர் இலங்கை வந்தார். மேற்கிந்தியத் தீவுகளின் காப்பிப் பயிர்முறை அவரோடு இங்கே வந்தது. அதன் பிறகு ஒரு பத்து வருடம் நடந்ததைக் 'காப்பிப் பைத்தியம்' என்றே சொல்லலாம். முடிக்குரிய காடு ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்குப் போனது, 1844-ல் அது இருபது ஷில்லிங் ஆனது. நிலத்தை விற்கிற அரசாங்கத்தின் அதிகாரிகளே நிலத்தை வாங்கவும் செய்தார்கள். சீட்டுப் போடுகிறவரே ஆடவும் உட்கார்ந்த மாதிரி. 1840களின் நடுவில்தான் அதற்குத் தடை வந்தது. 1847-ல் இங்கிலாந்தில் நிதி நெருக்கடி வந்தது, காப்பி விலை விழுந்தது, பல தோட்டங்கள் கைவிடப்பட்டன. வருமானம் குறைந்த அரசாங்கம் 1848-ல் துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி என்று சனங்கள் மேல் சுமத்தியது. மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. 1869-ல் இலைத்துரு நோய் வந்து காப்பியையே மெல்ல மெல்ல முடித்தது.

இந்த ஆட்டத்தில் பணயம் யார்? மன்னாரில் இறங்கிக் காடு வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்த எங்கள் முன்னோர். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கும் சரியாக இல்லை. வந்து சேர்ந்தவர்கள் கங்காணியின் முற்பணக் கடனோடு வேலை தொடங்கினார்கள். அந்தக் கடனைக் காட்டுகிற 'துண்டு' இருந்தால்தான் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகலாம். 1921-ல்தான் துண்டு முறை ஒழிந்தது. தோட்டங்களில் மகாபாரதக் கதை கூத்தாக ஆடும்போது, தருமர் தம்பிமாரையும் பாஞ்சாலியையும் பணயமாக வைக்கிற கட்டத்தில் பெரியவங்க சிலர் எழுந்து போய்விடுவாங்க. சின்ன வயசில் ஏன் என்று விளங்கவில்லை. அடுத்தவரை வைத்து ஆடுகிறவனுக்கு அந்தத் தோல்வி உடம்பில் உறைக்காது என்பது அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

இப்போது வாசலில் கேட்ட கேள்விக்கு வரலாம். ஒரே அப்பாயி, இரண்டு கடவுச்சீட்டு. எப்படி?

1948-ல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவும் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். மொத்தம் 975,000 பேர். அதில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம். 1974-ல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். இதில் ஒருவரிடமும் 'உனக்கு எங்கே இருக்க விருப்பம்' என்று முதலில் கேட்கவில்லை. எண்ணைப் பேசி முடித்த பிறகுதான் ஆட்களிடம் விண்ணப்பம் வாங்கினார்கள்.

கூட்டாளியின் அத்தை கல்யாணம் முடிந்த கையோடு 1982-ல் போனார். கோச்சியில் தலைமன்னார், அங்கிருந்து 'இராமானுஜம்' கப்பலில் இராமேஸ்வரம். அத்தையின் மகன் கூடலூரில் பிறந்தான். அப்பாயி திகனயிலேயே தங்கிவிட்டார். அவருக்கு இலங்கைக் குடியுரிமை உறுதியானது 2003-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு. அதற்கு முன்னால் வங்கிக் கணக்குத் திறக்கப் போனாலும், பொலிஸ் சோதனைச் சாவடியில் நின்றாலும், அவரிடம் காட்ட ஒரு அட்டை இல்லை. அப்பேர்ப்பட்ட அட்டையின் வாரிசு அட்டையைத்தான் நாங்கள் கசினோ வாசலில் நீட்டினோம்.

திரும்பி வந்து அப்பாயியிடம் நடந்ததைச் சொன்னோம். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். "இந்த அட்டைக்காக எத்தனை கந்தோர் ஏறி எறங்குனேன். இப்ப அது இருந்தா காசு, இல்லாட்டி சும்மாவா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு, "போகட்டும். உள்ள என்ன இருக்கு?" என்றார். "சீட்டு, அப்பாயி." "அதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க?"

நியாயமாகச் சொல்லணும் என்றால், அந்த வரிக்கு ஒரு காரணம் இருக்கிறது. உள்ளூர்க்காரர் கசினோவில் காசைத் தொலைக்காமல் இருக்கட்டும், வெளிநாட்டுக்காரர் டொலர் கொண்டுவரட்டும் என்பதுதான் எண்ணம். கசினோவைச் சட்டத்துக்குள் கொண்டுவர 2010-ல் ஒரு சட்டம் வந்தது. 2013-ல் அவுஸ்திரேலியக் கோடீஸ்வரர் ஜேம்ஸ் பெக்கரின் பெரிய திட்டம் பேசப்பட்டது, 2015-ல் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. 2025 ஓகஸ்டில் 'சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ்' கொழும்பில் திறந்தது. அதே வருடம் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டம் நிறைவேறியது. அந்தப் பழைய 1889 சட்டத்தை நீக்குவதும் அதன் ஒரு பகுதி. 136 வருடம் ஓடிய சட்டம்! நுழைவு வரியை 50 டொலரிலிருந்து 100 ஆக்கவும் அரசாங்கம் முடிவெடுத்தது.

100 டொலர் என்றால் 30,000 ரூபா. 2024-ல் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தச் சம்பளத்தில் வாசலைத் தாண்ட 22 நாளுக்கும் மேல் கொழுந்து பறிக்கணும். இதைக் கேட்டு 'நல்லதுதானே, ஏழை உள்ளே போக மாட்டான்' என்று தோன்றலாம். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் கசினோவுக்குத்தான் வாசல் இருக்கிறது. போனுக்கு இல்லை. மச்சான் போக்கர் படித்ததே போனில்தான். 2003-ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர் இணையத்தில் சின்னத் தொகை கட்டித் தகுதிபெற்று, போக்கர் உலகத் தொடரில் 25 இலட்சம் டொலர் வென்றார். அந்த வருடம் அந்தப் பிரதான போட்டியில் ஆடியவர்கள் 839 பேர். மூன்று வருடத்தில் அது 8,773 ஆனது. 'நானும் அப்படி ஆகலாம்' என்று உலகம் முழுக்க ஒரு தலைமுறை நம்பியது. தமிழ்நாட்டில் 2022-ல் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் வந்தது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் சொன்னது. 2025-ல் இந்திய நாடாளுமன்றம் காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்தது. சட்டங்கள் வருவதற்குள் மச்சான் தன் மூன்று மாதச் சம்பளத்தை விட்டிருந்தான். இதை அவன் எங்களிடம் சொன்னது காலிமுகத்திடலில், கசினோ முடிந்து வந்த பிறகு. அத்தைக்கு இன்னும் தெரியாது.

எங்கள் ஊரிலும் இப்போது இரவு பத்து மணிக்கு மேல் போன் வெளிச்சத்தில் குனிந்திருக்கிற முகங்கள் இருக்கின்றன. அங்கே யாரும் அட்டை கேட்பதில்லை, 50 டொலர் கேட்பதில்லை, "இரண்டு பேர் பேசக்கூடாது" என்று கை உயர்த்துவதும் இல்லை. தண்டல் மட்டும் சரியாகப் போய்க்கொண்டிருக்கும். முன்பு பொலிஸ் ஆற்றங்கரைக்கு வந்தது. இப்போது தோற்கிறவனைப் பக்கத்தில் படுத்திருக்கிறவனுக்கே தெரியாது.

சூதே கூடாது என்று உபதேசம் செய்ய நாங்கள் இதை எழுதவில்லை. அதற்குத் திருக்குறளில் ஒரு அதிகாரமே இருக்கிறது, பத்துக் குறளும் பள்ளியில் படித்ததுதான். நாங்கள் சொல்வது ஒன்றே ஒன்று. எந்த ஆட்டத்தில் உட்கார்ந்தாலும் மூன்று கேள்வியைக் கேளுங்கள். தண்டல் யாருக்குப் போகிறது? பணயம் யாருடையது? தோற்றால் யாரிடம் சொல்ல முடியும்? தும்பறையில் காப்பிக்கு நிலம் விற்ற காலத்தில் இதைக் கேட்க எங்கள் ஆட்களுக்கு வழி இருக்கவில்லை. 1964-ல் எண்களைப் பிரித்தபோதும் இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது.

மச்சான் கூடலூருக்குத் திரும்பிப் போவதற்கு முந்தின ஞாயிறு பாயை விரித்தோம். ஓமி. தோற்கிற பக்கம் எல்லோருக்கும் பிளேன்டீ வாங்கணும், அதுதான் பணயம். மச்சானுக்கு 'கப்போத்தி' என்றால் என்ன என்று தெரியாது, சொல்லிக் கொடுத்தோம். அவன் கையை நாலு பேர் எட்டிப் பார்த்து யோசனை சொன்னோம். தோற்றான். ஐந்து பிளேன்டீ, அப்பாயிக்கு ஒன்று கூட. அவன்தான் காசு கொடுத்தான். இந்தத் தடவை இந்தியக் கடவுச்சீட்டுக்குச் சலுகை இல்லை என்றோம்.